பழுதைக் காப்பாற்றிய நாஷ்வில் இன்ஜினியர்

சென்ற மாதம் வால்வு ரேடியோக்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் மாலை நடையின்போது பிடித்துக்கொண்டார். "ரேடியோ புராணம் போதும் ஓய்! நம்ம ஊர்த் திருவிழாவில மெல்லிசைக் குழு வருமே, மேடை ஓரமா ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி நிக்குமே, பேஸ் கிடார் பெட்டி, அது நெஞ்சுல வந்து இடிக்குமே. அதைப் பத்தி எழுதுமேன்" என்றார்.

எழுதலாம். அந்தப் பெட்டிகளில் ஒன்றை நானே பிரித்து மேய்ந்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபுல்லர்டன் என்று ஒரு ஊர். அந்தக் காலத்தில் ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைந்த சின்ன ஊர். அங்கே 1938-ல் லியோ ஃபெண்டர் என்பவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். கணக்கெழுதும் வேலைக்குப் படித்தவர், வேலை போனதால் கடை வைத்தார். கடைசி வரை அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. உலகத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் அவர் பெயர் போட்ட கிடாரை வாசிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். கடைக்கு ரேடியோவோடு சேர்த்து இசைக்காரர்களின் ஆம்ப்ளிஃபையர்களும் ரிப்பேருக்கு வந்தன. எது அடிக்கடி போகிறது, எங்கே ஈயப்பற்று விடுகிறது, எந்த மூடியைக் கழற்ற மெக்கானிக் திட்டுகிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிறகு அவரே ஆம்ப்ளிஃபையர் செய்ய ஆரம்பித்தபோது, ரிப்பேர்க்காரனுக்கு வசதியாகச் செய்தார். அந்த நாளைய ஃபெண்டர் பெட்டியின் படங்களைப் பார்த்தால் எனக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். ஒரு கண்டன்ஸரை எடுக்க நாலு கண்டன்ஸரைக் கழற்ற வேண்டிய அவஸ்தை அதில் இல்லை.

அப்போது நடன இசைக் குழுக்களில் அடித்தள ஸ்வரம் கொடுக்க, ஆள் உயர வயலின் போன்ற டபுள் பேஸைத்தான் வைத்திருந்தார்கள். அதைக் காரில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும். டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்க ஆரம்பித்தால் அது கேட்கவும் கேட்காது. 1951-ல் ஃபெண்டர் அதைக் கிடார் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கிடாரைப் போலவே மெட்டு வைத்து, விரல் வைத்த இடத்தில் சுருதி சுத்தமாக விழும்படி செய்ததால் அதற்கு 'பிரிஸிஷன் பேஸ்' என்று பெயர். ஆனால் அந்தக் கட்டையைத் தனியாக மீட்டினால் கொசு பறக்கிற சத்தம்தான் வரும். பெட்டி இருந்தால்தான் அதற்கு உயிர். ஆகவே 1952-ல் 'பேஸ்மேன்' என்ற ஆம்ப்ளிஃபையரை வெளியிட்டார். ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். சாதாரண கிடாரின் தடித்த தந்தி வினாடிக்கு சுமார் 82 தடவை அதிர்கிறது. பேஸ் கிடாரின் தடித்த தந்தி அதில் பாதி, 41 தடவை. ஸ்வரம் இறங்க இறங்க, அதே சத்தத்தைக் கொடுக்க ஸ்பீக்கரின் காகிதக் கோன் இன்னும் அதிக தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு பெரிதாக இருக்க வேண்டும். மின்சாரம் தரும் பகுதியில் இருப்பு நிறைய வேண்டும். சின்னக் குடும்பத்துக்குக் கட்டிய தண்ணீர்த் தொட்டியில் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து குளித்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. பேஸ்மேனில் சத்தத்தைக் கூட்டினால் தொண்டை கட்டியவன் பாடுகிற மாதிரி பிசிறு தட்டியது. 1954-ன் கடைசியில் ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களைப் போட்டார்கள். கொஞ்சம் தேறியது. வேடிக்கை என்னவென்றால், பேஸுக்குப் போதாத அந்தப் பெட்டியைச் சாதாரண கிடார்க்காரர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். அந்தப் பிசிறு அவர்களுக்குத் தேனாக இருந்தது. லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-ல் தன் ஆட்களோடு ஒரு பேஸ்மேனைப் பிரித்து அதைப் பார்த்துத்தான் தன் முதல் ஆம்ப்ளிஃபையரைச் செய்தார். ராக் இசைக்காரர்கள் பின்னால் சுவர் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மார்ஷல் பெட்டிகளின் வம்சம் இங்கேதான் தொடங்குகிறது.

நியூயார்க் பக்கம் இன்னொருவர், எவரெட் ஹல். பியானோவும் பேஸும் வாசித்தவர். டபுள் பேஸின் அடிக்கொம்புக்குள் மைக் வைக்கும் யோசனையை 1940-களிலேயே கண்டுபிடித்தார். அவருடைய ஆம்பெக் கம்பெனியின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அவருக்குப் பிசிறு என்றால் ஆகாது. சுத்தமான ஒலி வேண்டும் என்பார், ராக் அண்ட் ரோல் காதில் விழுந்தாலே முகம் சுளிப்பார். அவருடைய கம்பெனியில் ஜெஸ் ஆலிவர் என்பவர் வடிவமைத்த 'போர்ட்டாஃப்ளெக்ஸ்' 1960-ல் வந்தது. வாசித்து முடித்ததும் ஆம்ப்ளிஃபையரைத் தலைகீழாகத் திருப்பி ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம். எனக்குத் தெரிந்து பேஸுக்காகவே யோசித்துச் செய்த முதல் உருப்படியான பெட்டி அதுதான். 1969-ல் அதே கம்பெனி 300 வாட்டில் ஒரு ராட்சசனைக் கொண்டுவந்தது. அதில் 14 வால்வுகள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அந்த வருடத்து அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதன் முன்மாதிரிகளை வைத்து வாசித்தது. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

நம் ஊருக்கு இதெல்லாம் எங்கே வந்தது? படத்தில் பார்த்ததோடு சரி. 1970-களின் கடைசியில் இளையராஜா பாட்டுகள் வந்த பிறகு, மெல்லிசைக் குழு என்றால் பேஸ் கிடார் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. ஜனங்கள் அதைக் கவனித்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வெளிநாட்டுப் பெட்டி வாங்க வசதி இல்லை. உள்ளூர் மெக்கானிக் யாராவது, சென்னை ரிச்சி தெருவில் சாமான் வாங்கி வந்து, சினிமாக் கொட்டகை ஆம்ப்ளிஃபையரை மனசில் வைத்துக்கொண்டு ஒன்றைக் கட்டித் தருவார். தச்சர் ஒருவர் பிளைவுட்டில் பெட்டி அடிப்பார். மேலே கறுப்பு ரெக்ஸின்.

1983-ல் அப்படி ஒரு பெட்டி என் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. பகலில் தொலைபேசி இலாகா வேலை, மாலையில் ரேடியோ ரிப்பேர் என்று இருந்த காலம். கொண்டுவந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான்.

"அண்ணே, ஆரம்பத்துல ராஜா மாதிரி வாசிக்குது. அரை மணி நேரம் ஆச்சுன்னா, தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டு உலுக்குன மாதிரி ஆயிடுது. மேல் ஸ்வரம் பரவாயில்லை, கீழ் ஸ்வரம்தான் உடையுது" என்றான்.

"இதுக்கு முன்னாடி யாராவது பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. ரெண்டு தடவை வால்வு மாத்துனாங்க. ரெண்டு தடவையும் பத்து நாள் கூட நிக்கலை. வால்வு ஒண்ணு என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும்ணே."

தெரியும். திருவிழா மாதங்கள் மூன்று நான்கில் சம்பாதிப்பதை வைத்து அந்தப் பிள்ளைகள் வருடம் முழுக்க ஓட்ட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கோயில் கச்சேரி. பெட்டி இல்லாவிட்டால் அவன் இடத்தில் வேறு ஒருவன் பெட்டியோடு வந்து நின்றுவிடுவான். குழுக்களில் அப்படித்தான்.

நல்ல மெக்கானிக்குக்கு முதல் கருவி காது. அவன் சொன்னதிலேயே பாதி விஷயம் இருந்தது. சூடான பிறகுதான் கெடுகிறது, கீழ் ஸ்வரம்தான் முதலில் கெடுகிறது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டேன். முதலில் என்னிடமிருந்த நல்ல ஸ்பீக்கரை மாட்டி ஓட்டினேன். அரை மணியில் அதே உடைசல். ஆக, ஸ்பீக்கர் மேல் பழி இல்லை. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டவே கூடாது. போக வழியில்லாத சக்தி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் திரும்பி, உள்ளே பொறி பறந்து, சுற்று எரிந்துவிடும். டிரான்சிஸ்டர் பெட்டியில் பழகியவர்களுக்கு இது புரியாது. அதில் ஸ்பீக்கர் ஒயர் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால்தான் ஆபத்து.

பிறகு எந்தப் பெட்டி வந்தாலும் செய்கிற சீரியல் பல்பு வேலை. கரண்ட் வரும் வழியில் 100 வாட் பல்பு ஒன்றைத் தொடராக மாட்டி, அதன் வழியாகப் பெட்டிக்குக் கரண்ட் கொடுப்பது. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், பெட்டி தப்பிக்கும். இதில் பல்பு ஒரு நொடி எரிந்து மங்கியது. நல்ல லட்சணம்.

இரவு சாப்பிட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, பெட்டியை நேரடியாக மெயினில் போட்டு, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கடைசிக் கட்டத்தில் இரண்டு இ.எல்.34 வால்வுகள், எதிரும் புதிருமாக வேலை செய்கிறவை. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். இருபத்தைந்தாவது நிமிடம், இடது பக்க வால்வுக்குள் இருக்கிற தகடு மெல்லச் சிவக்க ஆரம்பித்தது. முதலில் செங்கல் நிறம், பிறகு கொல்லன் உலை நிறம். உடனே அணைத்துவிட்டேன்.

முன்னால் பார்த்த மெக்கானிக்கும் இதைப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு வால்வு கெட்டது என்று மாற்றியிருப்பார். நான் இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றி மாட்டினேன். மறுபடி இருபத்தைந்து நிமிடம். இப்போதும் சிவந்தது இடது பக்க சாக்கெட்டில் இருந்த வால்வுதான், ஆனால் அது முதல் தடவை வலது பக்கம் சமர்த்தாக இருந்த வால்வு! அப்படியானால் வால்வு நோயாளி இல்லை. அந்த இடத்தில் வந்து உட்காருகிறவனுக்கெல்லாம் காய்ச்சல் வருகிறது. இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சேஸிஸைக் கவிழ்த்தேன். உள்ளே 430 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்ஸர்களில் அது தங்கியிருக்கும், தொட்டால் ஆளைத் தூக்கி எறியும். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஓடுகிற பெட்டியில் மீட்டர் வைக்கும்போது இடது கையை பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொள் என்பார் எனக்குத் தொழில் சொன்னவர். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்பதற்காக. வேட்டிக்கு ஏது பாக்கெட்? நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். என் மனைவி அதைப் பார்த்து, கணக்கு வாத்தியார் மாதிரி நிற்கிறீர்கள் என்பாள்.

வால்வின் கிரிட்டில் மீட்டரை வைத்தேன். வலது பக்கம் மைனஸ் 34 வோல்ட், அசையாமல் நின்றது. இடது பக்கமும் ஆரம்பத்தில் மைனஸ் 34. பத்து நிமிடத்தில் 31. இருபது நிமிடத்தில் 24. அந்த மைனஸ் வோல்ட்தான் வால்வுக்குக் கடிவாளம். அது குறையக் குறைய குதிரை தறிகெட்டு ஓடும், தகடு சிவக்கும். கடிவாளத்தைத் தளர்த்துவது யார்? முந்தைய கட்டத்திலிருந்து ஒலியை மட்டும் விட்டு, பிளஸ் வோல்ட்டைத் தடுத்து நிறுத்த வேண்டிய ஒரு சின்னக் கண்டன்ஸர் இருக்கிறது. 0.1 மைக்ரோஃபாரட், மெழுகு பூசிய காகிதக் கண்டன்ஸர். அதன் ஒரு முனையை ஈயம் உருக்கி எடுத்துவிட்டு, சூடான வால்வோடு மீண்டும் பார்த்தேன். முள் மைனஸ் 34-ல் போய் நின்றது. திருடன் அகப்பட்டான். குளிர்ந்திருக்கும்போது யோக்கியன், சூடு ஏறினால் கசிகிறவன்.

கீழ் ஸ்வரம் மட்டும் ஏன் முதலில் உடைந்தது என்பதும் இப்போது புரிந்தது. இரண்டு வால்வும் சமமாக இழுத்தால், டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் இரண்டு பக்கக் காந்தமும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு வால்வு மட்டும் அதிகமாக இழுத்தால் இரும்பு ஒரு பக்கமாகக் காந்தமேறி நிரம்பிவிடும். நிரம்பிய இரும்பில் மேல் ஸ்வரங்கள் எப்படியோ தப்பிக்கும், கீழ் ஸ்வரங்களுக்கு இடம் இருக்காது. சாதாரண கிடார்க்காரன் இன்னும் ஒரு மாதம் கவனிக்காமல் வாசித்திருப்பான்.

இரண்டு பக்கமும் 630 வோல்ட் தாங்கும் பாலியெஸ்டர் கண்டன்ஸர் போட்டேன். ஒன்று கெட்டால் அதன் ஜோடியையும் மாற்றிவிடுவது என் வழக்கம். இரண்டு மணி நேரம் ஓட்டினேன். தகடு கறுப்பாகவே இருந்தது. தம்பி வந்து வாசித்துப் பார்த்தான். தெருவில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கண்டன்ஸர் விலையும் கூலி பதினைந்து ரூபாயும் வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக் கச்சேரி நன்றாக நடந்ததாகச் சொன்னார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவன் மறுபடி வந்தான். பெட்டி இல்லாமல், கையைப் பிசைந்துகொண்டு.

"அண்ணே, பெட்டி நல்லா இருக்கு. தப்பா நினைக்காதீங்க. அந்தக் கச்சேரிக் கடைசியில ஒரு டிஸ்கோ அயிட்டம் வாசிப்போம். அதுக்கு அந்தப் பழைய உடைசல் சத்தம் ரொம்ப எடுப்பா இருக்கும். பசங்க விசிலடிப்பாங்க. அது இப்ப வர்றதில்லை. அதை மட்டும் கொஞ்சம் திரும்ப வைக்க முடியுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இன்னும் பத்து நாள் ஓடியிருந்தா டிரான்ஸ்ஃபார்மரே எரிஞ்சிருக்கும், உன் குழுவே தெருவுல நின்னிருக்கும். சீக்கைக் குணமாக்குனா, சீக்கைத் திருப்பிக் கொடுங்கிறியே!" என்று சத்தம் போட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இதை ஒரு முட்டாள் கதையாக வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு, மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் பழைய ஆம்ப்ளிஃபையர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் கிளென் ஸ்னோடி என்ற ரெக்கார்டிங் இன்ஜினியரின் கதை கண்ணில் பட்டது.

நாஷ்வில் என்பது அமெரிக்காவின் கிராமியப் பாட்டுத் தலைநகரம். நமக்குக் கோடம்பாக்கம் மாதிரி. அங்கே ஓவன் பிராட்லி, ஹரால்ட் பிராட்லி என்ற சகோதரர்கள், ராணுவம் பயன்படுத்துகிற அரைவட்டத் தகரக் கொட்டகை ஒன்றை நிறுத்தி அதில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினார்கள். குவான்செட் ஹட் என்று அதற்குப் பெயர். 1960-ன் கடைசியில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் 'டோன்ட் வொரி' பாட்டு அங்கே பதிவானது. மென்மையான சோகப் பாட்டு. கிரேடி மார்ட்டின் என்ற பெரிய வித்வான் ஆறு தந்தி பேஸ் கிடார் வாசித்தார். மேஜையில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் ஸ்னோடி.

பாட்டின் நடுவில் பேஸ் கிடாருக்கு ஒரு தனி வாசிப்பு. அது வந்தபோது, கிடார் வந்து சேர்ந்த ஒலிப்பதிவு மேஜையின் அந்த ஒரு வழி ஆம்ப்ளிஃபையர் கெட்டுப்போனது. உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று அறுந்துவிட்டது என்று பின்னால் கண்டுபிடித்தார் ஸ்னோடி. சத்தம் அடியோடு நின்றிருந்தால் எல்லோரும் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார்கள். நிற்கவில்லை. பட்டுத்துணி மாதிரிப் போய்க்கொண்டிருந்த பாட்டின் நடுவே, ரம்பம் மரத்தை அறுக்கிற மாதிரி ஒரு உறுமல். வாசிப்பு முடிந்ததும் பாட்டு மறுபடி பட்டுத்துணி. அந்த இசைத்தட்டை இன்றைக்கும் கேட்கலாம். முதல் தடவை கேட்கிறவர்கள் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று எழுந்து பார்ப்பார்கள், நானும் பார்த்தேன்.

திரும்பப் பதிவு செய்வதா, அப்படியே விடுவதா என்று பேச்சு நடந்து, கடைசியில் விட்டுவிட்டார்கள். 1961-ல் தட்டு வெளியாகி, கிராமியப் பாட்டு வரிசையில் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது. பொதுவான வரிசையிலும் மூன்றாவது இடம் வரை ஏறியது.

இதைப் போல ஒன்று அதற்கு முன்னாலும் நடந்திருக்கிறது. 1951-ல் ஐக் டர்னரின் குழு மிஸிஸிப்பியிலிருந்து மெம்பிஸுக்கு ஒலிப்பதிவுக்காகக் காரில் போனபோது, கிடார்க்காரர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப்ளிஃபையர் அடிபட்டு ஸ்பீக்கர் கோன் கிழிந்துவிட்டது. கார் மேலிருந்து விழுந்தது என்பார் ஒருவர், மழையில் நனைந்தது என்பார் இன்னொருவர். ஒலிப்பதிவுக் கூடம் நடத்திய சாம் ஃபிலிப்ஸ், கிழிசலில் காகிதத்தைத் திணித்து அப்படியே வாசிக்கச் சொன்னார். கிடார் அந்தப் பாட்டில் வாசித்ததும் பேஸ் நடையைத்தான். 'ராக்கெட் 88' என்ற அந்தத் தட்டை முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு என்று சொல்கிறவர்கள் உண்டு. 1964-ல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற பையன், சின்ன ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கரை வேண்டுமென்றே பிளேடால் கீறினான். அதுவும் பெரிய வெற்றி. ஆனால் இவையெல்லாம் கிழிந்த கோனோடு முடிந்த கதைகள். அந்தப் பெட்டி இருக்கும் வரை அந்தச் சத்தம் இருக்கும், அவ்வளவுதான். ஸ்னோடி செய்தது வேறு.

அவர் கெட்டுப்போன பகுதியைக் கழற்றினார். குப்பையில் போடவில்லை, சரியும் செய்யவில்லை. தனியாக எடுத்து வைத்தார். அந்தச் சத்தம் கேட்டு யாராவது வரலாம் என்று நினைத்திருக்க வேண்டும். கிரேடி மார்ட்டினே 1961-ல் அதே உறுமலை வைத்து 'தி ஃபஸ்' என்று ஒரு தட்டு போட்டார். பிறகு பாடகி நான்சி சினாட்ரா நாஷ்வில்லுக்கு வந்தபோது அந்தச் சத்தம் வேண்டும் என்று கேட்டதாகவும், அதற்குள் அந்த ஆம்ப்ளிஃபையர் முழுக்கச் செத்துப்போயிருந்ததாகவும் ஸ்னோடி பின்னாளில் சொல்லியிருக்கிறார். பழுது என்பது அப்படித்தானே! இன்று இருக்கிற மாதிரி நாளை இருக்காது. என் தம்பியின் கண்டன்ஸரும் இன்னும் கொஞ்சம் நாளில் கசிவதை விட்டு ஒரேயடியாக ஷார்ட் ஆகியிருக்கும்.

இங்கேதான் அந்த மனிதரின் மூளை எனக்குப் பிடித்துப்போனது. நாம் ஏன் பழுதைக் கண்டுபிடிக்கிறோம்? அதை ஒழிப்பதற்கு. அவர் அதே வேலையைச் செய்தார், ஆனால் அதை மறுபடி உண்டாக்குவதற்கு. அந்த உறுமலுக்குள் என்ன நடக்கிறது? அலையின் உச்சியும் பள்ளமும் வெட்டுப்பட்டு, மலைச்சிகரம் போல இருந்தது மொட்டைமாடி போல ஆகிவிடுகிறது. அதனால் இல்லாத மேல் ஸ்வரங்கள் கூட்டமாகக் கிளம்புகின்றன. வானொலி நிலையத்தில் இருந்த ரெவிஸ் ஹாப்ஸ் என்ற இன்ஜினியரைச் சேர்த்துக்கொண்டு, அப்போது புதிதாக இருந்த டிரான்சிஸ்டரை வைத்து அதைச் செய்து பார்த்தார். மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், இரண்டு டார்ச் செல், காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். மிதித்தால் உறுமல், மறுபடி மிதித்தால் சுத்த ஒலி. நல்ல ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் கெட வேண்டியதில்லை.

சிகாகோவுக்குக் கொண்டுபோய் கிப்ஸன் கிடார் கம்பெனியின் முதலாளியிடம் காட்டினார். 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஒரு பேஸ் கிடாருக்குள்ளேயே அதைப் பொருத்தியும் விற்றுப் பார்த்தார்கள். டியூபா மாதிரி, டிரம்பெட் மாதிரி, செல்லோ மாதிரியெல்லாம் கிடாரை ஒலிக்க வைக்கலாம் என்று விளம்பரம். யாருக்கும் புரியவில்லை, பெட்டிகள் கடை அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. மூன்று வருடம்.

1965 மே மாதம் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஹாலிவுட்டில் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டைப் பதிவு செய்தது. கீத் ரிச்சர்ட்ஸ் அந்தப் பெட்டியை மிதித்துக்கொண்டு கிடாரில் ஒரு நடையை வாசித்தார். பிற்பாடு ஊதுகருவிக்காரர்கள் வந்து ஊத வேண்டிய இடத்தை அடையாளம் காட்டுவதற்காகத்தான் அப்படி வாசித்தார். அந்த வகையில் விளம்பரத்தை நம்பிய ஒரே ஆள் அவர்தான் போலிருக்கிறது! ஊதுகருவி வரவே இல்லை, தட்டு அப்படியே வெளியாகிவிட்டது. அதன் பிறகு கடைகளில் ஒரு ஃபஸ் டோன் மிச்சமில்லை. ஸ்னோடி, ஹாப்ஸ் இருவர் பெயரிலும் காப்புரிமை கிடைத்ததும் அதே 1965-ல்தான்.

இன்றைக்குக் கிடார்க்காரன் காலடியில் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள் கிடக்கின்றனவே, அந்தக் கூட்டத்துக்கெல்லாம் மூத்தது இது. ஸ்னோடி பிறகு கிழக்கு நாஷ்வில்லில் ஒரு பழைய சினிமாக் கொட்டகையில் வுட்லேண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை 1967-ல் தொடங்கினார். அதற்கு முன் கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தபோது, தரை கூட்டும் வேலைக்கு ஒரு இளைஞரைச் சேர்த்துக்கொண்டார். பெயர் கிரிஸ் கிறிஸ்டோஃபர்ஸன். பிற்காலத்தில் பெரிய பாடலாசிரியர், சினிமா நடிகர். உதவாது என்று மற்றவர்கள் ஒதுக்குவதை எடுத்து வைத்துக்கொள்கிற கை போலிருக்கிறது. 2018-ல் காலமானார்.

அந்தத் தம்பி அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் சென்னைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவன் கேட்டது செய்யக்கூடியதுதான். இரண்டு டிரான்சிஸ்டர், ஆறேழு ரெசிஸ்டர், கண்டன்ஸர்கள், ஒரு கால் சுவிட்ச். எல்லாமே அன்றைக்கு என் மேஜை இழுப்பறையில் இருந்தன. ரேடியோவிலிருந்து கழற்றிய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கிடந்தன. ஒரு சாயங்கால வேலை. போன வருடம் பேரனுக்காக அதைச் செய்தும் பார்த்தேன். அவன் அதை மிதித்துவிட்டு, "தாத்தா, ரம்பம் மாதிரி இருக்கு" என்றான்.

எண்பதுகளில் நம் மாவட்டத்து மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பேஸ் பெட்டியில் என்ன வால்வு இருந்தது, யார் கட்டிக் கொடுத்தார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். கைவண்டியில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த தம்பியை யாருக்காவது தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பேரனுக்குச் செய்த பெட்டி இங்கே சும்மாதான் கிடக்கிறது. அவன் இப்போது கீபோர்டு கற்றுக்கொள்ளப் போய்விட்டான்.